நாலு பேர் எடுக்கும் முடிவு நானூறு பேருக்கு



இந்த மாதப் பாடம் ஓட்டுப் பற்றியது. “யார் ஜெயிச்சா நமக்கென்ன, நாம உழைச்சாத்தான் சோறு” என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். உழைத்தால்தான் சோறு, உண்மைதான். ஆனால் குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். 20 உறுப்பினர்களில் 6 பேர்தான் கூட்டத்துக்கு வந்தால் தீர்மானம் போட மாட்டோம். வராதவருக்கு அபராதம்கூட உண்டு. தேர்தலில் அப்படி இல்லை. குறைந்தது இத்தனை பேர் ஓட்டுப் போட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. 400 ஓட்டு உள்ள வார்டில் 200 பேர்தான் வந்தார்கள், 4 பேர் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60, 70 ஓட்டு வாங்கியவர்கூட ஜெயித்துவிடலாம். அவர்தான் 400 பேருக்கும் 5 வருடம் உறுப்பினர்.

ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்கிறீர்களா? 2008-ல் ராஜஸ்தான் மாநிலம் நாத்வாரா தொகுதியில் சி.பி.ஜோஷி என்ற பெரிய தலைவர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 2021-ல் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. நம் ஊரில் ஏழெட்டுக் குழு சேர்ந்தால் அவ்வளவு பேர் ஆகிவிடுவோம்.

இதில் நாம் பெருமைப்படவும் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரி 19-ம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சென்னை மாநகராட்சியில் 44 சதவீதம்கூட ஓட்டு விழவில்லை. ஆனால் கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிகளில் மாநில அளவில் ஏறக்குறைய 75 சதவீதம் பதிவானது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலிலும் இரண்டு கட்டங்களிலும் 75 சதவீதத்துக்கு மேல்தான். படித்தவர் அதிகம் உள்ள நகரத்தைவிட கிராமம்தான் முந்தி நிற்கிறது.

அப்படியானால் நமக்கு என்ன குறை? ஓட்டுச் சாவடிக்கு முன்னால் நடக்கும் தேர்தலில் நாம் இல்லை.

அமெரிக்காவில் தேர்தலுக்கு முன் இன்னொரு தேர்தல் உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்கு வருபவர்கள் குறைவு. 2022-ல் தகுதியுள்ள 5 பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் வந்தார். அந்தக் கொஞ்சம் பேர் பொறுக்கியவரில் ஒருவரைத்தான் பிறகு எல்லோரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் டீக்கடையிலும் கோயில் திண்ணையிலும் அதே வேலை நடக்கிறது. யாரை நிறுத்துவது, யாரை வாபஸ் வாங்க வைப்பது என்று ஆண்கள் நாலு பேர் பேசி முடிக்கிறார்கள். சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் போனதாக 2019-லும் 2021-லும் செய்தி வந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016 சட்டத் திருத்தத்தால் வந்தது. அந்த இடத்துக்கும் “அவர் சம்சாரத்தை நிறுத்துங்க” என்று முடிவு செய்வது திண்ணைதான். பிறகு கையெழுத்து மட்டும் அந்தப் பெண்ணுடையது, நாற்காலி வீட்டுக்காரருடையது.

ஓட்டுப் போட முடியாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் தாய் வீட்டிலேயே இருக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் ஒரு நாள் கூலியை விட்டு வரத் தயங்குவார். வயசான அம்மாவை அழைத்துப் போக ஆள் இருக்காது. 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வெளியான வரைவுப் பட்டியலில், நம் மாநிலத்தில் மட்டும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். அதில் நம் பெயர் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. குழுவில் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் உள்ளதா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பார்ப்போம். புதுப் பெயருக்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

2. சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

3. ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நாலு சீட்டும் நாலு நிறத்தில் இருக்கும். முன்கூட்டியே பழகிக்கொள்வோம்.

4. வேட்புமனு தொடங்கும் முன்பே குழுக் கூட்டத்தில் பேசுவோம். நம் வார்டுக்கு யார் தகுதி? கணக்கு எழுதி, வங்கிக்குப் போய், அதிகாரியிடம் பேசிப் பழகிய பெண் நம்மிலேயே இல்லையா?

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கேட்பதற்குத் தலைவர் இல்லாமல் இருப்பது எப்படி என்று நமக்கே தெரியும். ஆகவே இருக்கிற ஓட்டை வீணாக்க வேண்டாம்.

குழுவில் பேசிப் பார்க்க:

• போன தேர்தலில் நம் குழுவில் எத்தனை பேர் ஓட்டுப் போடவில்லை? என்ன காரணம்?
• நம் வார்டு வேட்பாளரை யார் முடிவு செய்தார்கள்? நம்மை யாராவது கேட்டார்களா?
• அடுத்த முறை நாம் கேட்க வேண்டிய மூன்று வேலைகள் என்ன?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.