பாம்புக்கடி: ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை



வீட்டில் நடக்கும் விபத்துகளுக்கு முதலுதவி பற்றி எழுதும்படி தாய்மார்கள் சிலர் கேட்டிருந்தார்கள். சுடுதண்ணீரோ எண்ணெயோ பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். வெட்டுக்காயமா, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி துணியை எடுத்துப் பார்க்காதீர்கள். இவை பழகிவிடும். சுற்றிலும் முந்திரிக்காடும் வயலுமாக இருக்கும் நம் ஊரில் நாம் அதிகம் தவறு செய்வது பாம்புக்கடியில்தான்.

பல வருடங்களுக்கு முன் என் மச்சானை வரப்பில் பாம்பு தீண்டியது. நானே தாம்புக்கயிற்றால் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினேன். பிறகு ஓதிப் பார்க்க அழைத்துப் போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்று மணி நேரமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கயிறு விஷத்தை நிறுத்தவில்லை, ரத்தத்தைத்தான் நிறுத்தியது. மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்தவன் செய்த வேலை இது.

ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. விஷம் தீண்டிய ஒரு கூட்டத் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் சூரா ஃபாத்திஹா ஓதிய செய்தி புகாரியில் இருக்கிறது. அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை என்ற நபிமொழியும் அதே நூலில் இருக்கிறது. ஃபாத்திஹாவை ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம். ஓதுவதற்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்கக் கூடாது.

கடித்தவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட காலையோ கையையோ ஒரு கட்டையோடு சேர்த்து, இறுக்காமல் துணியால் சுற்றி, அசையாமல் வையுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது வேண்டாம். 108ஐ அழையுங்கள். வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே ஊசிதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்தைப் பிரிக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் உயிர் யார் யார் கையிலெல்லாம் இருக்கிறது பாருங்கள்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் என்றால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் உடனே கிளம்புங்கள். படுக்கும் முன் விரிப்பை உதறச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நாம் எழுந்துபோன பிறகு அதில் என்ன வந்தது என்று நமக்குத் தெரியாது என்று காரணமும் சொன்னார்கள். உதறிவிட்டு, கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகிப் படுங்கள். சுபுஹுக்கு இருட்டில் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்துவிட்டது. நம் பங்குக்கு, இரவில் கூப்பிட்டால் கார், ஆட்டோ எடுத்து வரக்கூடியவர்கள் தங்கள் பெயரையும் எண்ணையும் டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், தெருவாரியாக எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிடுகிறோம்.