பிள்ளையின் ரத்த அணுவும் தினசரி மருந்தும்



செம்பவாங் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் மலேரியா என்றால் கொயினா கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தும் நின்றுபோகும். எச்.ஐ.வி. கிருமி உள்ள பிள்ளைக்கு இந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. காரணத்தைப் பார்ப்போம்.

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. பெரட்டில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் கங்காணி மாதிரி, நோய் வந்தால் மற்ற அணுக்களை ஏவிவிடுவது இதுதான். எச்.ஐ.வி. கிருமி இதையே பிடித்து அழிக்கிறது.

இந்த அணுவின் கணக்கு வயதுக்கு வயது வேறு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், ஒரு வயதுக்குள் 1,500, ஐந்து வயது வரை 1,000, ஆறு வயதிலிருந்து 500, இதற்குக் குறையக்கூடாது. கைக்குழந்தைக்கு 900 இருந்தால், “பெரியவங்களுக்கே அவ்வளவுதானே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அது குறைவு.

மருந்து கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. அழிவு நின்றதும் அணுக்கள் மறுபடி ஏறும். பிள்ளைகளுக்கு நெஞ்செலும்பின் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி சுறுசுறுப்பாக வேலை செய்து புது அணுக்களை உண்டாக்குகிறது. வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். ஆகவே, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

தென்னாப்பிரிக்காவில் கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. அணுக்கள் குறையட்டும் என்று காத்திருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 16 இறந்தன. உடனே மருந்து தொடங்கியவற்றில் 4 மட்டுமே.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது, இதற்கென்று மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. இன்று ஒழுங்காக மருந்து சாப்பிடும் பிள்ளை படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தலாம்.

ஆனால் கணக்கு ஏறியதும், “பிள்ளை கொழுகொழுன்னு ஆயிட்டான், இனி எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்தக்கூடாது. கிருமி சில அணுக்களுக்குள் தூங்கிக் கிடக்கிறது. மருந்து நின்றால் எழுந்துவிடும். விட்டுவிட்டுக் கொடுத்தாலோ கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போகும். பிறகு வேறு மருந்து தேட வேண்டிவரும்.

இன்னொன்று. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் சேர்ந்து விளையாடினாலும் இது ஒட்டாது. அந்தப் பிள்ளையை ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் வீட்டார் மாத்திரையை ஒளித்து வைப்பார்கள், வேளை தவறும்.

நேரம் தவறாமல் மருந்து, தவணை தவறாமல் ரத்தப் பரிசோதனை. இரண்டையும் விடாதீர்கள்.