பிளக்கைப் பிடுங்கிப் பார்

கியா பார்ம்

தம்பிக்கு,

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு நீ எழுதிய நிரலைப் படித்தேன். எடையைக் கோப்பில் எழுதச் சொன்னதுமே திரையில் ‘சேமித்தாச்சு’ என்று காட்டுகிறாய். அந்த ஒரு சொல்தான் எனக்கு ஒப்பவில்லை.

நம் அப்பா கதையாகச் சொல்லும் அந்தக் கிராணியாரை நினைத்துக்கொள். எடையைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு “எழுதியாச்சு, போ” என்பாராம். பேரேட்டில் ஏறுவது சாயங்காலம். நடுவில் மழையில் தாள் நனைந்தால் அன்றைய கூலி போச்சு.

கணினியில் இந்தத் துண்டுத் தாள் இரண்டு. ஒன்று லினக்ஸின் நினைவகம்: வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி பழசான பிறகுதான் அதை வட்டுக்குத் தள்ளும். மற்றது வட்டுக்குள்ளேயே இருக்கும் கேஷ். ‘இப்போதே வட்டில் எழுது’ என்று கேட்கும் எஃப்சிங்க்கை அழைத்தால், லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இரண்டையும் காலிசெய்யச் சொல்லும், வேகத்துக்கு ஆசைப்பட்டு யாரும் ‘பேரியர்’ வசதியை அணைத்து வைக்காதவரை. மேக்கில் வெறும் எஃப்சிங்க் வட்டின் வாசலோடு நின்றுவிடும். எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். புதுக் கோப்பு என்றால் அது இருக்கும் கோப்புறைக்கும் ஓர் எஃப்சிங்க் போடு. இதை மறந்து ஒரு மத்தியான எடை முழுவதையும் தொலைத்தவன் நான்.

எஃப்சிங்க் பிழை என்று சொன்னால் திரும்ப அழைத்துப் பார்க்காதே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்கும் ஆட்களுக்கு 2018-இல் இது பெரிய தலைவலி ஆனது. எழுத முடியாமல் போன பக்கங்களையும் லினக்ஸ் சுத்தம் என்று குறித்துவிட்டதால், இரண்டாம் அழைப்புக்கு ‘வெற்றி’ என்றே பதில் வந்தது. தரவு எங்கேயும் இல்லை! இப்போது அப்படிப் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் தானே விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த பதிவுக் கோப்பை மறுபடி வாசித்து எழுகிறது. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடித்திருக்கிறது.

வட்டே பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டு விநாடிக்கு 120 சுற்றுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் செய்து எண்ணு. விநாடிக்கு ஆயிரம் என்று வந்தால் நம்பாதே. எஸ்எஸ்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே வரிசையாக எண்களை எழுதி, ‘முடிந்தது’ என்று பதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று கரண்டை நிறுத்தி, திரும்ப ஏற்றியதும் வட்டில் இருக்கும் எண்களையும் பக்கத்துக் கணினியில் இருப்பவற்றையும் ஒப்பிட வேண்டும்.

நம் மேட்டில் மத்தியான இடி மழையே இந்தச் சோதனையை இலவசமாகச் செய்து கொடுக்கும். ஆனால் அது நாள் சொல்லி வராது. சனிக்கிழமை அந்தப் பழைய வட்டை எடுத்து வா. பிளக்கை நான் பிடுங்குகிறேன், நீ எண்ணு.

அண்ணன்