தையல் பிரியும்போதே கவனிப்போம்: கருப்பை வாய்ப் புற்றுநோயும் முன்பரிசோதனையும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் காலை நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஷூ தைப்பது அவர்கள் பிழைப்பு. இன்னும் பலர் ஷூவின் மேற்பகுதியை வீட்டுக்கே வாங்கி வந்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைக்கிறார்கள். தையல் எங்காவது விட்டிருந்தால், அடிப்பாகம் ஒட்டுமுன் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போது அது சில நிமிட வேலை. ஒட்டிய பிறகு கண்டால் ஜோடியே வீண்.

கருப்பை வாய்ப் புற்றுநோயும் அப்படிப்பட்டதே. இந்த இதழில் அதைப் பற்றிப் படிப்போம்.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்றால் என்ன?

கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் குறுகிய வாயே கருப்பை வாய். இங்கு வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணமாயிருப்பது எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தோல் ஷாப்பு ரசாயனத்தால் வருவதோ என்று நம் பகுதியில் பலர் கேட்பார்கள். பாலாறு கெட்டதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் இயல்பே. தோல் தூசியால் மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் வரக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயின் காரணம் வேறு.

இந்த வைரஸ் உடலுறவின் மூலம் பரவுகிறது. பெரும்பாலான ஆண்களும் பெண்களும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பெற்றிருப்பார்கள். ஆகவே எவருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிக்க இதில் இடமில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே இதை வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோய் அல்ல. கவனியாமல் விட்டால் புற்றுநோயாகக்கூடியது. அப்படி ஆவதற்குப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். இத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. இருந்தும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இது புதிதாக வருகிறது. காரணம் எளியது: மாற்றம் நடக்கும் காலத்தில் வலியில்லை, இரத்தப்போக்கில்லை, அறிகுறி எதுவுமே இல்லை.

ஒரு நிமிடச் சோதனை

பயிற்சி பெற்ற நர்ஸ், நீர்த்த அசிடிக் அமிலத்தை, அதாவது வினிகரைப் போன்றதை, பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவுகிறார். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள். மாற்றம் இருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடாக்கியோ அழித்துவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பலாம்.

அம்பிளிக்கை கற்றுத்தந்தது

இந்த எளிய முறை உயிரைக் காக்குமா என்று உலகமே கேட்டபோது, பதில் தந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தான். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமுதாய நல மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் இணைந்து 2000-ல் இந்த ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களை நர்சுகள் பரிசோதனைக்கு அழைத்தார்கள்; 31,343 பேர் வந்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டுமே பெற்ற கிராமங்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. இதற்குப் போதுமாயிருந்தது ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். அழைத்தும் ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. முந்தைய மாற்றம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதத்தினரே சிகிச்சை பெற்றார்கள். மீதி 500-க்கும் அதிகமான பெண்களுக்குத் தையல் பிரிந்திருப்பது தெரிந்தும் அது தைக்கப்படவில்லை. சோதனை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. கண்டதைச் சரிசெய்தால்தான் உயிர் தப்பும்.

ஏன் வருவதில்லை?

வேலூர் மருத்துவப் பணியின் தொடக்கமே இந்தக் கேள்விதான். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்ல. மருத்துவரான தந்தையை அழைத்துப் போகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவராக்கி 1900-ல் வேலூருக்குக் கொண்டுவந்தது.

நூறாண்டுக்கு மேலாகியும் கூச்சம் முற்றிலும் போய்விடவில்லை. அதனால்தான் பெண் நர்சே இந்தப் பரிசோதனையைச் செய்வது இத்தனை முக்கியம். கூச்சத்தோடு இன்று மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். வீட்டில் தைப்பவருக்கு ஜோடிக் கணக்கு குறையும். முதல் நாள் எப்படியோ வந்தவர், முடிவு கேட்கவும் சிகிச்சைக்கும் இரண்டாம் நாள் வர மாட்டார். “எனக்குத்தான் ஒன்றுமில்லையே” என்பார். வலியில்லாத நோய்க்காகக் கூலியை விடுவது அவருக்கு எளிதல்ல.

உங்கள் காணிக்கை எங்கே உதவும்?

வினிகருக்கும் பஞ்சுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. வராத பெண்ணின் வாசலுக்கு மறுபடியும் நடந்துபோகும் சுகாதாரப் பணியாளர், பஸ் கட்டணம், அன்றே சிகிச்சை தரும் கருவி, ஞாயிற்றுக்கிழமை முகாம் ஆகியவற்றுக்கே பணம் தேவை. இவ்வகைப் பணியைத் தாங்கும்போது அந்த இரண்டாம் வருகையையே நீங்கள் தாங்குகிறீர்கள்.

நினைவில் வைக்க

1. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது 2016-ல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம்.

2. மாதவிடாய் நின்றபின் இரத்தம், உறவுக்குப்பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

3. சிறுமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குப்பின் பரிசோதனைக்கு வர வேண்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கலந்துபேச

நம் சபையில் 30 வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேர் பரிசோதித்திருக்கிறோம்? தைக்கும் வேலைக்குப் போகும் அண்டை வீட்டுச் சகோதரி, எந்த மதத்தவராயினும், அவரோடு துணைக்குப் போக நம்மில் யார் தயார்? அவர் போகும் நாளில் அவர் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்? நம் வீட்டு ஆண்களிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறோம்?

இந்த மாதம் ஒரே ஒரு பெண்ணையாவது அழைத்துப் போங்கள். மறுபடி வரச் சொன்னால், மறுபடியும் உடன் போங்கள்.