வலி தணிக்கும் மருந்தும் வள்ளுவர் கூறும் அளவும்

முன்னுரை

நோய், நோவு என்னும் இரு சொற்களும் தமிழில் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஆயினும், நோய்க்கு மருத்துவம் தேடி ஓடும் நாம் நோவைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே கருதி வருகின்றோம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', கற்ற மருத்துவன் கருத வேண்டியவை மூன்று என வகுக்கின்றது. நோயுற்றவனின் அளவு, பிணியின் அளவு, காலம் என்பன அவை. நாட்பட்ட வலிக்கு அபின்வகை மருந்துகளை வழங்கும் முறையை இம்மூன்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறுமையின் எல்லை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் அமைந்துள்ளது இரமணாசிரமம். இரமண மகரிஷியின் இடக்கையில் முழங்கைக்கு அருகே தோன்றிய சிறு கட்டி, 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டும் மீண்டும் வளர்ந்தது. அது சார்க்கோமா என்னும் புற்று எனத் தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் நான்கு முறை அறுவை நிகழ்ந்தது. கையையே அகற்றிவிடலாம் என்ற யோசனைக்கு அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அவர் தம் நோவை அமைதியுடன் ஏற்றதாக உடனிருந்தோர் எழுதியுள்ளனர்.

அப்பேரமைதி ஞானியர்க்கு உரியது. அதனை எல்லார்க்கும் விதியாக்குதல் தகுமா?

அவ்வாசிரமப் பகுதியில் வாழ்ந்த நம் பெரியம்மாவுக்குப் புற்று எலும்பில் பரவியபோது, மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தார். 'போதை மருந்தாயிற்றே, பழகிவிட்டால் என்ன செய்வது?' என்று அஞ்சி நாமே அதனை வாங்காதிருந்தோம். 'சபுரு செய்கிறேன்' என்றார் பெரியம்மா. அவர் பொறுமையை ஊரே புகழ்ந்தது; உறங்காத அவர் இரவுகளை எவரும் எண்ணவில்லை. மருந்து உண்பது பொறுமைக்கு மாறானதன்று என்பதை நாம் காலங்கடந்தே உணர்ந்தோம்.

மருந்தும் சட்டமும்

கசகசாவைத் தரும் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அபின் ஆகிறது. 'அஃப்யூன்' என்பது அதன் அரபுப் பெயர். மருத்துவ மேதை இப்னு சீனா தம் 'அல்கானூன்' என்னும் நூலில் வலியின் வகைகளைப் பகுத்துரைத்து, வலி தணிக்கும் பொருள்களுள் அபினையும் குறித்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். உலக நலவாழ்வு நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கென மூன்று படிகளை வகுத்தது. எளிய மாத்திரைகளில் தொடங்கி, வலி தணியாவிடில் மார்ஃபின் வரை செல்லலாம் என்பது அதன் சாரம்.

சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனினும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கொணர்ந்த கடும் விதிகளாலும் தண்டனை அச்சத்தாலும் மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1997இல் நாடு முழுமையும் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோ மட்டுமே! விளையும் நிலத்திலேயே மருந்து இல்லாத நிலை இது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம் இந்நிலையை மாற்ற முனைந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் முதலிய இன்றியமையா மருந்துகளைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது.

அளவு மீறியதன் விளைவு

மருந்தை மறுத்தல் ஒரு பிழை எனில், வரையின்றி வழங்குதல் மற்றொரு பிழையாகும். அமெரிக்காவில் 1996இல் ஆக்சிகோடோன் என்னும் அபின்வகை மருந்தின் நெடுநேரம் செயற்படும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும்கூட அது தாராளமாக எழுதித் தரப்பட்டது. பலர் அதற்கு அடிமையாயினர். பின்னாளில் கள்ளச் சந்தை ஃபென்டனிலும் சேர்ந்துகொள்ள, 2021இல் மட்டும் அபின்வகைப் பொருள்களால் அங்கு 80,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நாட்பட்ட முதுகுவலி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு வலி உடைய 240 பேரிடம் அந்நாட்டில் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. அபின்வகை மருந்துகள் ஏனைய மருந்துகளைவிட மேலான பயன் தரவில்லை என்பதும், பக்கவிளைவுகளே மிகுதி என்பதும் அதனால் புலனாயின. புற்று எலும்பை அரிக்கும் வலியும் முழங்கால் தேய்வின் வலியும் ஒன்றல்ல. இதுவே பிணியளவு அறிதல் ஆகும்.

உற்றவர் அளவாவது யாது? அவர்தம் வயது, சிறுநீரகத்தின் நிலை, முன்னைய போதைப் பழக்கம், உடன் உண்ணும் உறக்க மாத்திரை ஆகியவற்றை வினவி அறிதல். குறைந்த அளவில் தொடங்குதல். மலச்சிக்கலுக்குரிய மருந்தையும் உடன் தருதல்.

காலமாவது யாது? புற்றுநோயின் ஓயாத வலிக்கு, வலி முற்றியபின் அல்லாமல், குறித்த நேரந்தோறும் மருந்து கொடுத்தல். மருந்தால் பயன் உண்டா என இடையிடையே ஆராய்தல். நிறுத்த வேண்டின் சிறிது சிறிதாகக் குறைத்தல். நெடுநாள் உண்டவர்க்குத் திடீரென நிறுத்துதலும் தீங்கே என 2022இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி நெறிகள் எச்சரிக்கின்றன.

முடிவுரை

டிரமடால் என்னும் வலி மாத்திரை 2018 முதல் நம் நாட்டிலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றது. மருத்துவர் சீட்டின்றி அத்தகைய மாத்திரைகளைக் கேட்கும் இளைஞனுக்கு 'இல்லை' எனவும், புற்றால் துடிக்கும் மூதாட்டிக்கு 'உண்டு' எனவும் கூறும் தெளிவு சமுதாயத்திற்கு வேண்டும். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியின் அருகிருந்து மருந்தூட்டுவோனையும் வள்ளுவர் சேர்த்தெண்ணினார். அவ்விடத்தில் நிற்பவர் குடும்பத்தாராகிய நாமே. அன்று நாம் அஞ்சி மறுத்தது போல் இனி ஒருவரும் மறுத்தலாகாது. அஞ்சுவதை மருத்துவரிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும். பொறுமை நோயாளியின் பெருமை. அவர் வலியைத் தணித்தல் நம் கடமை என்பதே நம் துணிபு.