சட்டாம்பிள்ளை இன்னும் வேண்டுமா?

கேள்வி: வாய்ப்பாடு ஒப்பிப்பது, ஒரு மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து மற்றவர்களைப் படிக்க வைப்பது எல்லாம் இந்தக் காலத்துக்குப் பொருந்துமா?

பதில்: சட்டாம்பிள்ளையை லேசாக நினைக்காதீர்கள். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அதைச் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில் மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் இந்த முறையை நூலாக்கினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. (சரக்கு நம்முடையது, முத்திரை அவருடையது!) சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும், அது இன்றும் உண்மை.

வாய்ப்பாடும் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு சட்டென்று வராத பிள்ளை பின்னக் கணக்கில் தடுமாறும். ஆனால் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கிக் காட்டிவிட்டு ஒப்பிக்கச் சொல்லுங்கள். பிரம்பு மட்டும் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.