ஐந்து அச்சு: எந்த லைசன்ஸில் எது வரும்?

நமது கேட்-கேம் லேபில் ஃப்யூஷனைத் திறந்து 'மல்டி ஆக்சிஸ்' என்பதைத் தட்டினால் ஸ்வார்ஃப், ஃப்ளோ, ரோட்டரி என்று வரிசையாக வரும். அதில் ஒரு டர்போசார்ஜர் இம்பெல்லரைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு 5 ஆக்சிஸ் தெரியும் என்றே நான் நினைத்திருந்தேன். இன்-பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்‌ஷாப்பிலும் அதே சாஃப்ட்வேர்தான். ஆனால் அங்கே அந்த ஐகான்களைத் தட்டினால் எக்ஸ்டென்ஷன் வாங்கச் சொல்லியது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் நேர்கோட்டு அச்சுகள். அவற்றைச் சுற்றிச் சுழல்பவை ஏ, பி, சி. நான் பார்த்த மெஷினில் மேசை தொட்டில் மாதிரி சாயும், அது ஏ. தொட்டிலுக்குள் வட்டமாகச் சுற்றும், அது சி. ஆக மொத்தம் ஐந்து.

இந்த ஐந்தை இரண்டு விதமாக ஓட்டலாம். இளநீர் சீவுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். காயைத் திருப்பிப் பிடிப்பார், ஒரு வெட்டு. மறுபடி திருப்பிப் பிடிப்பார், இன்னொரு வெட்டு. வெட்டும்போது காய் அசையாது. இதுதான் 3+2. ஏ, சி இரண்டையும் ஒரு கோணத்தில் பூட்டிவிட்டு மற்ற மூன்று அச்சால் வெட்டுவது. தேங்காய் துருவும்போதோ மூடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். கை ஒரு நிமிஷம் நின்றால் ஓடும் சேர்ந்து வந்துவிடும். அது மாதிரி ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் நகர்வதுதான் சைமல்டேனியஸ். இம்பெல்லர் பிளேடு முறுக்கிக்கொண்டு போவதால் அதற்கு இது வேண்டும்.

கேம் கம்பெனிகள் கோடு கிழிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃப்யூஷனில் வீட்டு உபயோகத்துக்கான இலவச லைசன்ஸில் 2020 அக்டோபர் முதல் மூன்று அச்சுக்கு மேல் கிடையாது. 3+2 கூட வராது. டூல் தானாக மாறும் வசதியும் போனது. ரேபிட் மூவும் கிடையாது. ஜி00 வர வேண்டிய இடத்தில் ஜி01 வரும், டூல் காற்றிலும் ஃபீட் வேகத்திலேயே ஊர்ந்து போகும். பணம் கட்டிய சாதாரண லைசன்ஸில் 3+2 உண்டு. ஸ்வார்ஃப், ஃப்ளோ போன்ற சைமல்டேனியஸ் பாதைகளுக்கு அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும். மாணவர் லைசன்ஸில் நமக்கு எல்லாமே கிடைக்கிறது, அதனால்தான் இந்தக் கோடு நம் கண்ணில் படுவதில்லை.

மற்றவற்றிலும் இதே கதைதான். சாலிட்ஒர்க்ஸ் கேம் ஸ்டாண்டர்டில் இரண்டரை அச்சு மில்லிங், புரொஃபஷனலில் 3+2. ஐந்தும் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் அதன் மூலமான கேம்ஒர்க்ஸுக்குப் போக வேண்டும். (கேம்ஒர்க்ஸ் நம் நாட்டு ஜியோமெட்ரிக் கம்பெனி வளர்த்தது, 2017இல் எச்.சி.எல். கைக்கு வந்தது.) மாஸ்டர்கேமில் மல்டிஆக்சிஸ் தனி மாட்யூல்.

இனி நான் கோட்டை விட்ட கதை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் அலுமினிய பிளாக் வந்தது. 30 டிகிரி சாய்ந்த முகம், அதில் ஐந்து துளை, பக்கத்தில் வளைவான ஆழக் குழி. வளைவைப் பார்த்ததும் "இதுக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாம முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். முதலாளி யோசித்தார். "அப்ப உன் காலேஜ் லைசன்ஸ்ல போட்டுக் குடு தம்பி, யாருக்குத் தெரியப்போவுது? படிப்பு முடிச்சதும் இங்கயே வந்துரு" என்றார்.

மாணவர் லைசன்ஸ் படிப்பதற்கு மட்டும்தான். காசு வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். "இங்கயே வந்துரு" என்ற சொல்லைக் கேட்ட பிறகு கை லேப்டாப் பையைத் திறந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது புரோகிராமர் அண்ணன் டிராயிங்கை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு எதுக்குடா அஞ்சும் ஒண்ணா ஓடணும்?" என்று கேட்டுவிட்டு, டூல் ஓரியண்டேஷனில் சாய்ந்த முகத்தைத் தேர்ந்தெடுத்துத் துளைகளைப் போட்டார். குழிக்கு வேறொரு கோணத்தில் மேசையைச் சாய்த்துப் பூட்டி, சின்ன பால்-நோஸ் டூலால் சாதாரண மூன்று அச்சுப் பாதையையே ஓட்டினார். சாய்த்ததால் டூல் ஹோல்டர் சுவரில் இடிக்கவில்லை. டூலை நீட்டிப் பிடிக்கத் தேவையில்லாததால் அதிர்வும் குறைவு. இருந்த லைசன்ஸிலேயே வேலை முடிந்தது. நான் பையை மூடிவிட்டேன். வளைவு என்றாலே சைமல்டேனியஸ் இல்லை. பூட்டிய ஏதாவது ஒரு கோணத்திலிருந்து அந்த இடம் முழுவதும் டூலுக்கு எட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம் நம் பாடத்தில் வரவில்லை. சாஃப்ட்வேர் மட்டும் போதாது, கன்ட்ரோலரிலும் ஆப்ஷன் இருக்க வேண்டும். ஃபேனக்கில் சாய்ந்த தளத்துக்கு ஜி68.2, சைமல்டேனியஸில் டூல் முனையைப் பின்தொடர ஜி43.4. சீமென்ஸில் சைக்கிள்800, டிராவோரி. ஜி68.2 இல்லாத மெஷினிலும் 3+2 ஓட்டலாம். ஆனால் மேசை சுழலும் மையத்தைச் சரியாக அளந்து போஸ்ட் பிராசஸருக்குக் கொடுக்க வேண்டும். அளவு பிசகினால் துளை இடம் மாறிவிடும்.

இப்போது லேபில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பார்ட்டை முதலில் மல்டி ஆக்சிஸ் பட்டியலைத் தொடாமல் வெறும் 3+2-இல் முடிக்கப் பார்ப்பேன். எங்கே முடியாமல் நிற்கிறதோ அந்த முகத்துக்கு மட்டும் ஸ்வார்ஃப் போடுவேன். இம்பெல்லரில் ஹப்பின் ரஃபிங்கில் நிறையப் பகுதி 3+2-இலேயே போய்விட்டது. பிளேடு பக்கம்தான் நின்றது. யாராவது கூட உட்கார்ந்து பார்க்க விரும்பினால், சனிக்கிழமை மதியம் லேபில் நாலு சிஸ்டம் காலியாகத்தான் இருக்கிறது.